ஒரே பெயர், வேறு வேலை: பெயர்வெளிகளும் உள்ளமைந்த சார்புகளும்



நிரலாக்க மொழியொன்றில் உள்ள ஒரு சிறிய விதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மொழியே எல்லோருக்கும் பொதுவாகத் தந்திருக்கும் ஒரு சார்பின் பெயரை நான் எடுத்து, என் எல்லைக்குள் மட்டும் வேறு வேலை செய்ய வைக்கலாமா? வைத்தால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு? இதைக் கணினி ஆட்களின் கேள்வி என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1996 தொடங்கிப் பத்து வருடம் இந்த ஸ்கந்தபுரத்துக் கடிகாரமும் கொழும்புக் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. அதை அனுபவித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். என் பேச்சு அங்கேதான் போய்ச் சேரும்.

மாணவர்களுக்குத் தெரிந்த பைதனிலிருந்து தொடங்குகிறேன். புள்ளிகளைக் கூட்டுவதற்காக ‘சம்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து, அதற்குப் பூச்சியம் கொடுக்கிறீர்கள். பத்து வரி கழித்து, ஒரு பட்டியலைக் கூட்ட அதே ‘சம்’ என்ற உள்ளமைந்த சார்பை அழைக்கிறீர்கள். முழு எண்ணை அழைக்க முடியாது என்று பைதன் மறுத்துவிடுகிறது. பைதன் ஒரு பெயரைக் கண்டால் முதலில் அந்தச் சார்புக்குள்ளே தேடும். பிறகு அதைச் சூழ்ந்த சார்பில், பிறகு அந்தக் கோப்பில் தேடும். எங்கும் கிடைக்காவிட்டால் கடைசியாகத்தான் உள்ளமைந்தவற்றின் பட்டியலுக்குப் போகும். உங்கள் பூச்சியம் முன்னால் நின்று மறைத்துவிட்டது. மூலச் சார்பு அழியவில்லை. பக்கத்துக் கோப்பில் அது வழக்கம்போல் கூட்டிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் நடக்கும் மறைப்பு. தெரிந்தே மறைப்பதற்கு விதி வகுத்த மொழிகளில் ஒன்று பிஎச்பி.

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பியை நம்மில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே நாள்தோறும் பயன்படுத்துகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளமும் ஓடுகின்ற மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பியில் எழுதப்பட்டது. முதல் பதினான்கு வருடம் அந்த மொழியில் சார்புப் பெயர்கள் எல்லாம் ஒரே திறந்த வெளியில் கிடந்தன. மொழி தந்த பெயரில் நீங்கள் இன்னொரு சார்பு எழுதினால், மீள அறிவிக்க முடியாது என்று நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இருவர் எழுதிய தொகுப்புகளில் ஒரே பெயர் வந்தாலும் அதே கதிதான். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் சார்புகளுக்கு நீண்ட முன்னொட்டுகளை வைத்துக் காலம் தள்ளினார்கள்.

2009 ஜூன் 30ஆம் திகதி வெளியான 5.3ஆம் பதிப்பில் பெயர்வெளி வந்தது. கோப்பின் தலையில் பெயர்வெளியை அறிவித்துவிட்டால், கீழே எழுதும் சார்புகள் எல்லாம் அதற்குள் அடங்கும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அஸ்கிக்கு மேற்பட்ட பைட்டுகளைப் பெயர்களில் பிஎச்பி ஏற்றுக்கொள்வதால், ‘வன்னி’ என்பது முழுத் தகுதியுள்ள பெயர்வெளிப் பெயர். இனி விதிக்கு வருகிறேன். வன்னி பெயர்வெளிக்குள், ஒரு சொல்லின் நீளத்தை அளக்கும் சார்பை ‘ஸ்டிர்லென்’ என்று வெறுமனே அழைத்தால், முதலில் வன்னிக்குள் அந்தப் பெயரில் ஒரு சார்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதுவே ஓடும். இல்லாவிட்டால் மொழி தந்த பொதுச் சார்பு ஓடும். பொதுச் சார்புதான் வேண்டும் என்றால் பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டு ‘\ஸ்டிர்லென்’ என்று எழுத வேண்டும். இந்த ஊரில் நின்று ‘குளம் வான் பாயுது’ என்று ஒருவர் சொன்னால் எந்தக் குளம் என்று யாரும் கேட்பதில்லை, அது அக்கராயன் குளம். இரணைமடுவைச் சொல்ல வேண்டுமானால் இரணைமடு என்றே சொல்ல வேண்டும். பிஎச்பியும் பெயர்களை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறது.

ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ‘வன்னி\கிளிநொச்சி’ என்று உள்ளடுக்காகப் பெயர்வெளி வைத்தால், கிளிநொச்சிக்குள் கிடைக்காத சார்பை வன்னிக்குள் தேடிப் பார்க்கும் என்று நினைப்பார்கள். தேடாது. நேரே பொதுவெளிக்குப் போய்விடும். நடுவில் உள்ள அடுக்குகள் பெயரின் நீளத்துக்கு மட்டுமே. இந்தச் சலுகை சார்புகளுக்கும் மாறிலிகளுக்கும் உரியது, வகுப்புகளுக்கு இல்லை. ‘எக்கோ’, ‘இஸ்செட்’ போன்றவை சார்புகளே அல்ல, மொழியின் இலக்கணம், ஆகையால் அவற்றில் கைவைக்க முடியாது. சார்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாக இன்னொரு சார்புக்குக் கொடுத்தால், அது எப்போதும் பொதுச் சார்பையே குறிக்கும். ‘அசெர்ட்’ என்ற ஒரு பெயரை மட்டும் பெயர்வெளிக்குள்ளும் மீள எழுத எட்டாம் பதிப்பு தடை விதித்திருக்கிறது.

விதி இவ்வளவுதான். அதைக் கையில் பெற்ற தமிழ் நிரலாளர் ஒருவருக்கு முதலில் எதை மாற்றத் தோன்றும்? எழுத்துகளை எண்ணும் சார்பைத்தான். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஸ்கந்தபுரம்: ஸ், க, ந், த, பு, ர, ம். ஏழு எழுத்து. முதலாம் வகுப்புப் பிள்ளை இதை எண்ணிவிடும். பிஎச்பியின் ஸ்டிர்லென் 33 என்கிறது. அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யூனிகோட் தமிழில் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனி இடம் உண்டு. அப்படிப் பார்த்தால் இந்தப் பெயரில் பதினொரு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 33. ‘எம்பி’ என்ற முன்னொட்டோடு வரும் சார்பு 11 என்று சொல்லும். பைதனின் ‘லென்’னும் 11தான். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும்போது ஒரு செய்திக்கு 70 குறி என்ற கணக்கில் கழிவதும் இந்தப் பதினொன்றுதான். நம் பத்திரிகைகளும் அச்சகங்களும் நெடுங்காலம் தட்டச்சுச் செய்த பாமினி எழுத்துருவில் இதே பெயருக்குப் பத்து விசை, ஆகவே பத்து பைட். ஒரே ஊருக்கு 33, 11, 10. நம் ஏழை எங்கே தேடுவது? பெயர்வெளி வந்த அதே 5.3ஆம் பதிப்போடு சேர்ந்து வந்த ‘இன்டல்’ நீட்சியில் ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் சார்புகள் இருக்கின்றன. அவை ஏழு என்கின்றன. ‘க்ஷ’ வந்தால் அவை இரண்டு என்று எண்ணும். அந்த வழக்கைத் தமிழாசிரியர்களிடம் விடுகிறேன்.

சரியான விடை தரும் சார்பு கையில் இருக்கிறது. பெயர்வெளிக்குள் ஸ்டிர்லென் என்ற பெயருக்கு அதைப் பூட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்ல ஒரு பழைய முயற்சியைக் காட்ட வேண்டும்.

பிஎச்பியில் ‘எம்பிஸ்டிரிங்’ நீட்சிக்கு ஒரு அமைப்பு இருந்தது. சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு இலக்கத்தை மாற்றினால், அங்கே ஓடும் எல்லா நிரல்களிலும் ஸ்டிர்லென் பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணத் தொடங்கும். ஆசிய மொழிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம் போலத் தெரிந்தது. ஆனால் உலாவிக்கு ஒரு பக்கத்தை அனுப்பும்போது சேவையகம் முன்கூட்டியே அதன் நீளத்தைப் பைட் கணக்கில் அறிவிக்கலாம். அந்தக் கணக்கை ஸ்டிர்லென் கொண்டு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். அமைப்பை மாற்றிய பிறகு அதே வரி, ‘ஸ்கந்தபுரம்’ என்ற சொல்லை அனுப்பும்போது 33 என்பதற்குப் பதில் 11 என்று அறிவிக்கும். மறுமுனை பதினொரு பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஒன்பது பைட்டில் ‘ஸ்க’ போய்ச் சேரும். மீதி இரண்டு பைட் எந்த எழுத்தும் ஆகாமல் உடைந்த குறியாகத் தெரியும். ஊர்ப் பெயரில் ஐந்து எழுத்து வழியிலேயே போய்விட்டது. படங்கள், மறைகுறியாக்கம், சுருக்கிய கோப்புகள் என்று பைட்டை நம்பிய எல்லா இடமும் இப்படித்தான் ஆனது. அந்த அமைப்பை 2017இல் வெளியான 7.2ஆம் பதிப்பு கைவிடத் தக்கது என்று அறிவித்தது. 2020இல் 8.0 அதை முற்றாக நீக்கிவிட்டது.

இது பிஎச்பிக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை. மூடூல்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு, மொழியின் பொது அணிகள் எல்லாவற்றுக்கும் தன் சொந்தச் செயல்முறைகளை ஒட்டிவைத்திருந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஃபிளாட்டன்’. வருடங்கள் கழித்து மொழியை வளர்ப்பவர்கள் அதே பெயரில் ஒரு செயல்முறையைச் சேர்க்க விரும்பினார்கள். பழைய தளங்கள் உடையும் என்று 2018இல் தெரிந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது மொழிதான். 2019ஆம் ஆண்டு நியமத்தில் அதன் பெயர் ‘ஃபிளாட்’. பொதுவெளியில் ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு அவரை அறியாதவர்கள் விலை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பெயர்வெளி இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. வன்னிக்குள் நான் செய்யும் மாற்றம் வன்னிக்கு வெளியே தெரியாது. ஆனாலும் வன்னிக்குள்ளே என் கோப்பை நாளை திறக்கப்போகிற ஒரு பிள்ளை இருக்கிறது. ஸ்டிர்லென் என்று கண்டால் அந்தப் பிள்ளை பைட் என்றுதான் நினைக்கும், பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கும். பழைய பெயரின் கீழ் புதிய பொருளை வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் தொகுப்பு பைதனில் இதைச் சரியாகக் கையாண்டிருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க அவர்கள் ‘லென்’னைத் தொடவில்லை, ‘கெட்_லெட்டர்ஸ்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். பிஎச்பியில் எழுதுபவர்களும் ‘வன்னி\எழுத்தெண்ணிக்கை’ என்று கூச்சமில்லாமல் ஒரு பெயர் வைக்கலாம்.

அப்படியானால் இந்த விதி எதற்குத்தான் நல்லது? சொன்ன வாக்கு மாறாமல், அதை நிறைவேற்றுபவரை மட்டும் மாற்ற வேண்டிய இடங்களுக்கு. அவற்றில் தலையாயது கடிகாரம்.

விண்ணப்பம் நள்ளிரவோடு மூடப்பட வேண்டும் என்று ஒரு நிரல் எழுதுகிறீர்கள். அது சரியாக மூடுகிறதா என்று சோதிக்க நள்ளிரவு வரை காத்திருக்க முடியாது. நிரல் ‘டைம்’ என்ற சார்பைக் கேட்டுத்தான் நேரத்தை அறிகிறது. சோதனைக்கோப்பில் அதே பெயர்வெளிக்குள் ‘டைம்’ என்று ஒரு சார்பு எழுதி, நீங்கள் விரும்பும் கணத்தைத் திருப்பித் தரச் செய்தால் போதும். நிரலில் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை. இப்போது மணி என்ன என்ற கேள்விக்கு ஒரு விடை வரும் என்பதே அந்தச் சார்பின் வாக்கு; அது காப்பாற்றப்படுகிறது. சிம்ஃபொனி சட்டகத்தின் சோதனைக் கருவி இதே வழியில் டைம், ஸ்லீப், டேட் போன்ற சார்புகளைப் பெயர்வெளிக்குள் மாற்றிவைக்கிறது. ‘ஸ்லீப்’ மாறியதும் ஒரு மணி நேரம் உறங்க வேண்டிய நிரல் கணத்தில் விழித்துக்கொள்ளும். நான் பார்த்தவரை, பெயர்வெளி விதியின் மிக அழகான பயன் இதுதான்.

செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பெயர்வெளிக்குள் சார்பு இருக்கிறதா என்ற தேடலை பிஎச்பி நிரல் ஓடும்போதுதான் செய்கிறது, கண்ட விடையை அந்த வரியிலேயே சேமித்தும் வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த வரி ஒருமுறை பொதுச் சார்பைத் தொட்டுவிட்டால், பிறகு நீங்கள் மாற்றுச் சார்பை அறிவித்தாலும் அது திரும்பிப் பார்க்காது. மாற்றை முதலில் அறிவியுங்கள். இரண்டாவது, உங்கள் ‘டைம்’ உங்கள் பெயர்வெளியில் எழுதிய வரிகளுக்கு மட்டுமே. ‘டேட்டைம்’ வகுப்பு மொழியின் உள்ளே சி மொழியில் எழுதப்பட்டது, அது உங்களைக் கேட்காமல் இயந்திரத்தின் கடிகாரத்தையே பார்க்கும். இந்தக் குறை பலரையும் உறுத்தியதால், கடிகாரத்தை ஒரு பொருளாக நிரலுக்கு வெளிப்படையாகக் கையளிக்கும் பிஎஸ்ஆர்-20 என்ற பொது உடன்பாடு 2022இல் ஏற்கப்பட்டது. பெரிய நிரல்களுக்கு அதுவே நல்ல வழி.

இனி நம் கடிகாரத்துக்கு வருவோம். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது அரசாங்கம் நேரத்தை மாற்றியது. மே 25ஆம் திகதி இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணி முன்னதாக ஆனது. ஒக்டோபர் 26ஆம் திகதி அது ஆறு மணியாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15 பிறந்தபோது மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த நள்ளிரவை அடுத்த அரை மணி நேரம் நாட்டில் இரண்டு தடவை வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே ஐந்தரைதான் நடந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டி வடக்கே வந்தவர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டும். தெற்கே போனவர் முன்னே திருப்ப வேண்டும். ஒரே நாட்டில் ‘மணி என்ன’ என்ற ஒரே கேள்விக்கு ஓர் எல்லைக்குள் வேறு விடை. நிரலாளன் ஒருவன் இதைவிடத் துல்லியமான உதாரணத்தைக் கற்பனை செய்து எழுத முடியாது.

உலகத்துக் கணினிகளில் பல நேரக்கணக்கை ஒரே தரவுத்தளத்திலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய அதை இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கும் போல் எகெர்ட் பராமரிக்கிறார். உங்கள் கைப்பேசியிலும் பிஎச்பியிலும் பைதனிலும் அதுவே இருக்கிறது. அதில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே வலயம். 2006இல் ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைக் கண்டு எகெர்ட் அந்தக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார்: 1970க்குப் பிறகு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளின் நேரம் இந்திய நேரத்தோடு ஒத்துப்போவதால், அங்கே வாழ்பவர்கள் ‘ஆசியா/கொல்கத்தா’ வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று. உலகின் மறுபக்கத்தில் இருக்கும் ஒருவர் வன்னியின் நேரத்தை மறக்காமல் பதிந்துவைத்ததை எண்ணி நான் நெகிழ்கிறேன். ஆனால் அது விளக்கக் குறிப்பாக மட்டுமே இருக்கிறது. நிரல் அதை வாசிப்பதில்லை.

அதனால் இப்போது என்ன கெட்டுப்போகிறது? அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இன்று கலியாணப் பொருத்தம் பார்க்கிறார்கள். கனடாவிலோ சென்னையிலோ எழுதிய சாதக மென்பொருளில், பிறந்த இடம் கிளிநொச்சி, 2001ஆம் ஆண்டு, காலை ஆறு மணி என்று கொடுத்தால், அது கொழும்பு வலயத்தை எடுத்து ஆறு மணி நேரத்தைக் கழிக்கும். வீட்டுச் சுவரில் மணி பார்த்து எழுதியவரோ ஐந்தரைக் கணக்கில் எழுதியிருப்பார். கணக்கு அரை மணி பிசகுகிறது. ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். ஆகவே சராசரியாக நான்கு சாதகத்தில் ஒன்றுக்கு லக்கினமே மாறிப்போகலாம். 1996இல் மே 25 தொடங்கி ஒக்டோபர் 26 வரை பிறந்தவர்களுக்குப் பிசகு முழு ஒரு மணி நேரம். சோதிடத்தை நம்பாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அக்காலத்துச் சாட்சியங்களையும் நாட்குறிப்புகளையும் செய்திகளையும் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு ஆவணக்காப்பகத்துக்கும் இதே அரை மணி தேவை.

வன்னி பெயர்வெளிக்குள் ‘டேட்’ சார்பை மாற்றி, எப்போதும் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தச் செய்துவிடலாமே என்று இங்குள்ள மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். எனக்கும் அது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர்வெளியின் எல்லை கோப்பில் நிலையாக நிற்கிறது. அந்த நேரத்தின் எல்லையோ தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. கிளிநொச்சி நகரம் 1996 செப்ரெம்பரில் இராணுவத்திடம் போனது, 1998 செப்ரெம்பரில் புலிகளிடம் திரும்பியது. மாங்குளமும் புளியங்குளமும் அப்படியே கைமாறின. மாவட்டப் பெயரை வைத்து எந்தச் சார்பும் இதைத் தீர்மானிக்க முடியாது. எழுத்தெண்ணிக்கையில் சொன்ன அதே காரணமும் இங்கே பொருந்துகிறது: பொருள் மாறும் இடத்தில் பொதுப் பெயருக்குள் அதை ஒளித்துவைக்கக் கூடாது. வலயம் தரவோடு வர வேண்டும்.

ஆகவே பிறப்பு நேரத்தையோ சம்பவ நேரத்தையோ பதியும் நிரலை எழுதுபவர்களிடம் நான் கேட்பது இது. திகதி, மணி, இடம் என்ற மூன்று புலங்களோடு, எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்ற நான்காவது புலத்தையும் சேருங்கள். அதைத் தானாக நிரப்பாதீர்கள், வீட்டாரைக் கேட்டு நிரப்புங்கள். சோதனைக்கோப்பில் மட்டும் ‘டைம்’ சார்பைப் பெயர்வெளிக்குள் மாற்றி, 1996 மே 25, அவ்வருடம் ஒக்டோபர் 26, 2006 ஏப்ரல் 15 ஆகிய மூன்று நள்ளிரவுகளிலும் நிரலை நிறுத்திப் பாருங்கள். இந்த ஊரில் 2001ஆம் ஆண்டு காலை ஆறு மணிக்குப் பிறந்த பிள்ளையின் பதிவில், பழைய நேரம்தான் என்று தாய் உறுதிப்படுத்தினால், ஆசியா/கொல்கத்தா என்று எழுதுங்கள். அதே காலையில் வவுனியா நகரில் கொழும்பு நேரத்துக்கு ஆறரை மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஆசியா/கொழும்பு. இரண்டும் ஒரே கணம் என்று நிரல் சொல்ல வேண்டும்.